பாய்லருக்குள் கற்ற கிளாரினெட்

அன்று வந்திருந்தவர்கள் ஐந்து பேர். கார்னெட்டோடு கோவிந்தசாமி அண்ணன், பெரிய டிரம்மோடு காதர் அண்ணன், பெரிய கிளாரினெட்டும் சின்ன டிரம்மும் வாசிக்கும் சகோதரர்கள் இருவர், பித்தளைத் தாளத்தோடு நான். வராதவர் ஒருவர்தான், குட்டிக் கிளாரினெட் வாசிப்பவர். சவரி அண்ணன்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்புறத்தில் ஒரு பெரிய மழை மரம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் பேண்டு அங்கேதான் கூடும். நாற்காலி கிடையாது. அவரவர் மண்ணெண்ணெய்ப் பெட்டியை அவரவர் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டு உட்காருவோம்.

சவரி அண்ணனின் பெட்டியையும் யாரோ பழக்கத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். அதில் யாரும் உட்காரவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் ஜப்பான்காரர்கள் அவரை லோரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பியிருந்தார்கள். மூன்றே மாதம், திரும்பக் கொண்டுவந்து விடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அப்போது நாங்கள் அதை நம்பினோம்.

பயிற்சி தொடங்கும் நேரத்தில் அவருடைய மனைவி ஆரோக்கியம் அக்கா வந்தார். இடுப்பில் சின்னப் பெண், கையில் ஒரு கறுப்புப் பெட்டி. பெட்டியை, காலியாகக் கிடந்த மண்ணெண்ணெய்ப் பெட்டியின் மேல் வைத்தார்.

"ஆளு வரல. வாத்தியம் வந்திருக்குண்ணே. அதோட பங்க நிறுத்திடாதீங்க" என்றார்.

வாத்தியப் பங்கு

இது எங்கள் பேண்டில் இருந்த ஒரு முறை. வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாசித்துக் கிடைப்பதில் ஆளுக்கு ஒரு பங்கு. அதோடு ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அரைப் பங்கு. அந்த அரைப் பங்கு வாத்தியத்தின் சொந்தக்காரருக்குப் போகும், அவர் வாசித்தாலும் சரி, வேறொருவர் வாசித்தாலும் சரி. ஆனால் வாத்தியம் ஊதப்பட்டிருக்க வேண்டும். பெட்டிக்குள் தூங்கினால் பங்கு இல்லை.

அந்த நாளில் ஜப்பான்காரர்கள் அச்சடித்த வாழைமரப் படம் போட்ட நோட்டை யாரும் மதிக்கவில்லை. கல்யாண வீட்டார் அரிசியாகவும் தேங்காயெண்ணெயாகவும் மரவள்ளிக்கிழங்காகவும் கொடுத்தார்கள். ஆகவே அரைப் பங்கு என்றால் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு வாரத்துக் கஞ்சி.

கோவிந்தசாமி அண்ணன் நெற்றியைச் சொறிந்துகொண்டார். நியாயஸ்தர். அதனாலேயே அவருக்கு நெற்றியில் எப்போதும் ஒரு தடிப்பு இருக்கும்.

"ஊத ஆளில்லாம நான் எப்படிம்மா பங்கு பிரிக்கிறது?"

அக்கா கோபப்படவில்லை. புடுவில் ஒரு பழைய சாமான் கடைக்காரன் இந்தக் கிளாரினெட்டுக்கு ஒரு மூட்டை அரிசி தருவதாகச் சொல்லியிருக்கிறான் என்றார். ஊத ஆள் கிடைத்தால் வைத்திருப்பாராம், இல்லையென்றால் விற்க வேண்டியதுதானாம்.

"விக்கிறது ஒண்ணும் பெரிசில்லண்ணே. அவரு வந்து, எங்க என் குட்டின்னு கேட்டா என்ன சொல்றது, அதான்."

நான் எழுந்து நின்றேன். நான் ஊதுகிறேன் என்றேன்.

காதர் அண்ணன் என்னைக் 'கிராணி' என்றுதான் கூப்பிடுவார். ரயில் யார்டில் பேர் எழுதும் குமாஸ்தா வேலை எனக்கு. டிரம் குச்சியால் காதைக் குடைந்துகொண்டே, "கிராணி, அது பேனா இல்ல லா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், இந்த உதடு தேறுமா என்று பார்ப்பதுபோல.

கோவிந்தசாமி அண்ணன் தீர்ப்புச் சொன்னார். அது ஆவணி மாதம். கார்த்திகையில் கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தோம், பெரிய இடம். அதுவரைக்கும் நடக்கிற சில்லறை வேலைகளில் நான் குட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கலாம், பங்கு உண்டு. கிள்ளானில் அது கத்தினால், அதோடு சரி. பெட்டி புடுவுக்குப் போகட்டும்.

படித்தவன் செய்த பிழை

என் அப்பா ரயில் பாதையில் கேங் வேலை செய்தவர். அவருடைய அப்பா டெங்கில் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டியவர். எங்கள் குடும்பத்தில் கரும்பலகையின் முன்னால் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். சண்டை வந்து பள்ளிக்கூடம் மூடியபோது எனக்கு இன்னும் ஒரு வகுப்பு பாக்கி இருந்தது.

பள்ளியில் ஓர் ஆசிரியர் ஐந்து கோடு போட்ட இசைத்தாளைப் படிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார். பேண்டில் மற்ற எல்லோரும் காதால் கேட்டு வாசிப்பவர்கள், நான் ஒருவன்தான் தாளைப் பார்த்துப் படிப்பவன். ஆகவே எனக்கு ஒரு நினைப்பு. தாளில் இருப்பது எதுவும் எனக்கு வந்துவிடும் என்ற நினைப்பு.

குட்டி என்று நாங்கள் சொன்னது ஈ-பிளாட் கிளாரினெட். சாதாரணக் கிளாரினெட்டை அறிந்தவர்கள், அதை முக்கால் அளவுக்குச் சுருக்கி, குரலை மேலே தூக்கி வைத்ததாக நினைத்துக்கொள்ளலாம். கறுப்பு மரம், வெள்ளைச் சாவிகள். பேண்டில் அதன் வேலை, சேலைக்குச் சரிகைக் கரை மாதிரி. சரியாக வந்தால் யாரும் தனியாகக் கவனிக்க மாட்டார்கள். பிசகினால் அது ஒன்றுதான் கேட்கும்.

பெட்டிக்குள் வாத்தியத்தின் அடியில் ஒரு கிழிந்த இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. கிளாரினெட் பயில்வது எப்படி என்று படங்களோடு. எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி. மாலையில் அக்கா வீட்டுப் பின்வாசலில் நின்று, கீழுதட்டைப் பல்லின் மேல் மடி, மேல் பல்லை வாய்த்துண்டின் மேல் வை, கன்னம் ஊதாதே என்று சத்தமாகத் தமிழில் சொல்லிச் சொல்லி ஊதினேன். சவரி அண்ணனும் இப்படித்தான் படித்திருப்பார் என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அவருக்குப் பேரு எழுதவே வராது தம்பி. பெட்டிக்குள்ள வாத்தியம் ஆடுதுன்னு அந்தப் பொஸ்தகத்தை அடியில வெச்சாரு" என்றார் அக்கா.

புத்தகம் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் 'இறுக்கமாக' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தது. நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டு கடித்தேன். கடிக்கக் கடிக்கச் சத்தம் மெலிந்து, மேலே ஏறி, ஊசியாகிக் கடைசியில் கீச்சென்று கத்தும். பேண்டில் அந்தக் கீச்சுக்கு எலி என்று பெயர். நான் வாசித்தால் வரிக்கு ஓர் எலி. காதர் அண்ணன் ஒரு பயிற்சிக்கு நிஜமாகவே எலிப்பொறி கொண்டுவந்து என் காலடியில் வைத்தார்.

வேகன் நகர்ந்த கதை

குவார்ட்டர்ஸுக்கும் யார்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான். ஒரு நாள் சாயங்காலம் நான் பின்வாசலில் நின்று, கீழ் வரிசையிலிருந்து மேல் வரிசைக்குத் தாவும் இடத்தைப் பழகிக்கொண்டிருந்தேன். அது கிளாரினெட்டில் எல்லோருக்கும் கால் இடறும் படி. எனக்கும் இடறியது. இரண்டு எலிகள், ஒன்றன்பின் ஒன்றாக, நல்ல நீளமாக.

யார்டில் இரண்டு விசில் என்றால் பின்னுக்குத் தள்ளு என்று பொருள்.

இன்ஜின்காரர் தள்ளிவிட்டார். மூன்று காலி வேகன்கள் போய்ப் பாதை முடிவிலுள்ள தடுப்புக் கட்டையில் முட்டின. நல்ல வேளை, நடுவில் ஆள் யாரும் இல்லை. கட்டை பிளந்ததோடு சரி.

விசில் ஊதியது யார் என்று தேடிக்கொண்டு வந்தார்கள். கையில் கிளாரினெட்டோடு நான் நின்றேன். யார்டைப் பார்த்துக்கொண்ட ஜப்பான்காரர் ஓர் அறை விட்டார். இடது கன்னம். பிறகு வாத்தியத்தைக் காட்டி ஏதோ சொன்னார். இன்னொரு தடவை யார்டில் அந்தச் சத்தம் கேட்டால் அதை உடைத்து அடுப்பில் போடுவார் என்று கூட வந்தவர் எங்களுக்குச் சொன்னார்.

அக்கா கிளாரினெட்டை என் கையிலிருந்து வாங்கித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். என் கன்னத்துக்கு ஈரத்துணி கொடுத்தார். போதும் தம்பி என்று அவர் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். அவர் சொன்னது வேறு.

"சத்தம் வெளிய வராத இடமாப் பாரு."

துரு

யார்டின் கோடியில், புல்லுக்குள், ஒரு பழைய இன்ஜினின் பாய்லர் கிடந்தது. உள்குழாய்களை எல்லாம் எப்போதோ பிடுங்கி எடுத்துவிட்டு, வெறும் கூட்டை மட்டும் உருட்டிவிட்டிருந்தார்கள். ஓர் ஆள் குனிந்து போய் உட்காரலாம். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் நான் அதற்குள் போய், இரண்டு வாயையும் கோணிச் சாக்கால் அடைத்துக்கொண்டேன். வெளியே காதர் அண்ணனை நிறுத்திச் சோதித்துப் பார்த்தோம். பத்தடிக்கு அப்பால் கொசு பாடுகிற மாதிரி இருக்கிறது என்றார்.

உள்ளே அப்படி இல்லை. முதல் சுரத்தை ஊதியதும் அந்தச் சத்தம் இரும்பில் பட்டுத் திரும்பி என் இரண்டு காதிலும் அடித்தது. அந்த ஜப்பான்காரர் கன்னத்தில் விட்ட அறை அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. அதுவரை நான் ஊதியது மற்றவர்களுக்குத்தான் கேட்டிருக்கிறது. எனக்கு அன்றுதான் கேட்டது. இதையா இத்தனை வாரம் அக்கா பின்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்று வெட்கமாகப் போய்விட்டது.

தலையிலும் தோளிலும் ஏதோ உதிர்ந்தது. துரு. சத்தத்தின் அதிர்வில் உள்சுவர் துரு பொடிப்பொடியாக என்மேல் கொட்டியிருந்தது.

அக்காவிடம் சொன்னேன். அவர் என் சட்டையைத் தட்டிவிட்டபடி யோசித்துவிட்டு, சவரி அண்ணன் காலையில் என்ன செய்வார் என்று சொன்னார். அடுப்பில் கஞ்சி ஏற்றியதும் அவர் ஒரே ஒரு சுரத்தை எடுப்பாராம். மெல்லத் தொடங்கி, கொஞ்சம் பெரிதாக்கி, மறுபடி மெலிந்து நிறுத்துவாராம். மூச்சு வாங்கிக்கொண்டு அதே சுரம். கஞ்சி கொதிக்கிற வரைக்கும் அதே ஒன்றுதானாம்.

"பாட்டு ஒண்ணும் கெடையாதா?" என்று கேட்டேன்.

"நானும் அதத்தான் கேப்பேன். கல்யாணமான புதுசுல, இந்த ஆளுக்கு வேற ஒண்ணுமே வாசிக்கத் தெரியாது போலன்னு நெனச்சிட்டேன்" என்றார்.

ஆகவே மறுநாளிலிருந்து பாட்டை விட்டேன். ஒரு சுரம். கடிக்காமல், தாடையைத் தளர்த்தி, உதட்டின் ஓரங்களை மட்டும் கட்டிக்கொண்டு, மூச்சை வயிற்றிலிருந்து தள்ளி. முதல் வாரம் காற்றுதான் வந்தது. இரண்டாவது வாரம் ஒரு நாள், ஒரு சுரத்தை மெல்ல நிறுத்திப் பிடித்தபோது, பாய்லர் திடீரென்று தானும் சேர்ந்து முனகியது. நான் பயந்து நிறுத்திவிட்டேன். மறுபடி ஊதினேன். மறுபடி முனகியது. சத்தம் ஒரு மயிரிழை மேலே ஏறினால் முனகல் நின்றுவிடும். இறங்கினாலும் நின்றுவிடும். சரியாக நின்றால் முதுகு சாய்ந்திருந்த இரும்பெல்லாம் பூனை வயிறு மாதிரி அதிரும்.

அதற்கப்புறம் எனக்கு வேறு வாத்தியார் தேவைப்படவில்லை. முரட்டுச் சத்தத்துக்குத் துரு கொட்டும், நல்ல சத்தத்துக்கு இரும்பு கூடப் பாடும். என் அம்மாவுக்குக் கிளாரினெட்டைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் துணி துவைக்கும்போது, "இந்த வாரம் சட்டையில துரு கம்மி" என்பார். அதைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கும்.

விரல்களைத் திருத்தியதும் அக்காதான். அவர் தேங்காய் துருவிக்கொண்டே நிமிராமல் சொன்னார். "அவரு வெரலு தூங்கற மாதிரி இருக்கும். ஒன் வெரலு கோழி கொத்தற மாதிரி இருக்கு." குட்டியின் துளைகள் மிகவும் நெருக்கமானவை. விரலைத் தூக்கி அடித்தால் பக்கத்துச் சாவி தட்டும். சாப்பாட்டு மேசையில், பேரேட்டின் மேல், ரயில் பலகையில், எங்கேயும் விரலைத் தூக்காமல் அழுத்தி அழுத்திப் பழகினேன். பக்கத்து மேசைக்காரர் எனக்குக் காக்காய் வலிப்பு என்று நினைத்தார்.

மூங்கில்

இன்னும் ஒரு தடை இருந்தது. சீவாளி.

கிளாரினெட்டில் சத்தம் பிறப்பது வாய்த்துண்டில் கட்டும் ஒரு மெல்லிய நாணல் தகட்டில்தான். அது கப்பலில் வர வேண்டிய சாமான். கப்பல் நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. வாத்தியத்தில் இருந்த ஒன்றும் நுனி பிளந்து போயிற்று.

ஆற்றோரத்து மூங்கிலை வெட்டிக் கூரையில் உலர்த்தி, சவரக் கத்தியால் சீவிப் பார்த்தேன். உப்புத்தாள் கிடைக்காத காலம். பட்டறையில் வேலை செய்த மலாய்த் தச்சர் ஒருவர் மெம்ப்பலாஸ் என்ற கொடியின் இலையைக் கொண்டுவந்து கொடுத்தார். பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பு. மரத்தையே அதில்தான் அவர்கள் மழமழப்பாக்குவார்களாம். அந்த இலையால் தேய்த்துத் தேய்த்து இருபது முப்பது மூங்கில் சீவாளி செய்திருப்பேன். ஊதலாம். ஆனால் பத்து நிமிடத்தில் எச்சில் ஊறிக் கனத்துவிடும், தகரச் சத்தம் வரும். பழகப் போதும், கல்யாணத்துக்குப் போதாது.

கிள்ளானுக்கு மூன்று வாரம் இருந்தபோது அக்கா ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தார். பிரித்தால் இரண்டு நிஜச் சீவாளிகள், புதிது, இளமஞ்சள் நிறம்.

"பெட்டியோட அடித்துணிக்குள்ள இருந்திச்சு. அவருதான் சொருகி வெச்சிருக்கணும்" என்றார்.

பெரிய கிளாரினெட்டுக்கான சீவாளிகள் அவை. அதனால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. குட்டிக்கென்று தனியாகச் சீவாளி இந்த ஊருக்கு என்றும் வந்ததில்லை, பெரியதை வாங்கிச் சவரி அண்ணன் நறுக்கித்தான் கட்டுவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்று அக்காவின் காதில் தோட்டுக்குப் பதிலாகத் தென்னை ஈர்க்கு செருகியிருந்ததைப் பார்த்தேன். அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. களவுக்குப் பயந்து எல்லாப் பெண்களுமே நகையைக் கழற்றிப் புதைத்து வைத்திருந்த காலம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பகலில் முதல் சீவாளியை எடுத்து, மழை மரத்தடியில் உட்கார்ந்து சவரக் கத்தியை வைத்தேன். கத்தி போனது அரை நெல் அளவுதான் அதிகம். நரம்போடு பிளந்துவிட்டது. நான் சிரித்துவிட்டு, "ஒண்ணு கிராணி கணக்குல கழிஞ்சிச்சு" என்று சொல்லி வேலிக்கு அப்பால் எறிந்தேன். காதர் அண்ணனும் சிரித்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்ற அக்கா திரும்பி வீட்டுக்குள் போனார்.

இரண்டாவதைக் கத்தியே தொடாமல், இலையால் மட்டும், மூன்று நாள் தேய்த்துச் சரிசெய்தேன்.

கிள்ளானில் மழை

கல்யாணத்தன்று விடியும்போதே மழை. ரயிலில் கிள்ளானுக்குப் போய் இறங்கி, கல்யாண வீட்டுக்கு நடந்தே போனோம். அக்காவும் பிள்ளைகளோடு வந்திருந்தார். சமையலுக்குக் கை உதவினால் மூவருக்கும் ஒரு நாள் சாப்பாடு.

பெண்ணை மணவறைக்கு அழைத்துவரும் வாசிப்பு. கோவிந்தசாமி அண்ணன் தலையை அசைத்தார். எடுத்தோம். முதல் சுரத்திலேயே எனக்குக் குளிர் ஏறியது. குட்டியின் சுருதி கீழே கிடந்தது. கார்னெட் ஓரிடத்தில், நான் ஒரு முழத்துக்குக் கீழே.

இத்தனை மாதமும் நான் பழகியது நடுப்பகலில், அடுப்பு மாதிரிக் காய்ந்த இரும்புக்குள். சூட்டில் மர வாத்தியத்தின் சுருதி ஏறும். அந்த ஏற்றத்தைச் சமாளிக்க, குழல் துண்டுகள் சேரும் மூட்டு இணைப்பை ஒரு நகக்கண் வெளியே இழுத்து வைப்பதே எனக்கு வழக்கமாகிவிட்டது. மழைக் குளிரில் சுருதி எவ்வளவு இறங்கும் என்பதை அந்த பாய்லர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

மூட்டு இணைப்பை உள்ளே தள்ளினேன். போதவில்லை. கடித்தால் ஏறும் என்று தெரியும். கடித்தால் எலி வரும் என்றும் தெரியும். காதர் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னை மூடுவதற்காக டிரம்மைப் போட்டு அடித்தார். அது அவருடைய அன்பு. ஆனால் கோவிந்தசாமி அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டார். நான் வாயிலிருந்து வாத்தியத்தை எடுத்துவிட்டேன்.

சமையற்கட்டு வாசலில் அக்கா நின்றிருந்தார். கையால் வா என்றார். போனேன்.

"என்ன, தொங்குது?"

குளிரில் இறங்கிவிட்டது அக்கா என்றேன். ஏறக்குறைய அழுதுவிடுவேன் போல இருந்தது.

"மழ நாள்ல அவரு அத அக்குள்லதான் சொருகிக்கிட்டுப் போவாரு. நாத்தம் புடிச்ச மனுசான்னு நான் திட்டுவேன். இப்பத்தானே தெரியுது எதுக்குன்னு. சட்டைக்குள்ள வை."

கோட்டுப் பொத்தானைக் கழற்றி, குட்டியை அக்குளில் இடுக்கி, பெரிய அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பாட்டு நேரம் நின்றேன். வாய்த்துண்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டேன். திரும்பிப் போய் ஊதியபோது அது கார்னெட்டின் மேல் சரியாகப் போய் உட்கார்ந்தது. யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அதைப் போல ஒரு சந்தோஷம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை.

தாலி கட்டி முடிந்து பந்தி ஓடிக்கொண்டிருந்தபோது, கோவிந்தசாமி அண்ணன் கார்னெட்டை மடியில் வைத்துவிட்டு, "நீ மட்டும் ஒண்ணு வாசி" என்றார். பரீட்சை என்று புரிந்தது. சவரி அண்ணன் பந்தி நேரத்தில் வாசிக்கும் ஓர் ஆனந்தபைரவி மெட்டு உண்டு, தாலாட்டு மாதிரி. அதை எடுத்தேன். மெல்ல. தாவும் இடம் வந்தது. விரலைத் தூக்காமல், தாடையை விட்டுக் கொடுத்து, மூச்சை மட்டும் தள்ளினேன். படியே இல்லாத மாதிரி ஏறியது.

அப்போது சமையற்கட்டிலிருந்து சவரி அண்ணனின் சின்னப் பெண் ஓடிவந்தாள். மூன்று வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நின்று, பாட்டு முடிகிற வரை என் கையையே பார்த்தாள். பிறகு உள்ளே போய் அம்மாவிடம், "அப்பா இல்லம்மா. அண்ணன்தாம்மா ஊதுது" என்று சொன்னாளாம்.

சாயங்காலம் அரிசியையும் எண்ணெயையும் பிரிக்கும்போது, கோவிந்தசாமி அண்ணன் யாருக்கும் போடுவதற்கு முன்னால் ஒரு குவியலைத் தனியாக ஒதுக்கினார். "இது சவரி வாத்தியத்துக்கு" என்றார். அதன்பிறகு அந்தக் குவியல் ஒரு கல்யாணத்திலும் நிற்கவில்லை. அந்த ஒரு நல்ல சீவாளியைக் கல்யாணத்துக்கு மட்டும் கட்டுவேன், மற்ற நாளெல்லாம் மூங்கில்.

நிறைந்த பெட்டி

மூன்று மாதம் என்று போனவர் இரண்டு வருடத்துக்கும் மேல் கழித்து வந்தார். ஜப்பான்காரர்கள் போய், வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்திருந்தார்கள். ஸ்டேஷனில் அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்தது. மேல்வரிசையில் முன்பல் மூன்று இல்லை. எப்படிப் போனது என்று நாங்கள் கேட்கவில்லை.

உடம்பு கொஞ்சம் தேறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை மரத்தடிக்கு வந்தார். அவருடைய மண்ணெண்ணெய்ப் பெட்டியில் உட்கார்ந்தார். நான் குட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தாளத்தை எடுத்துக்கொண்டேன்.

ஊதினார். காற்றுதான் வந்தது. மேல் பல் இல்லாமல் வாய்த்துண்டு எங்கே நிற்கும். மறுபடி ஊதினார், மறுபடி காற்று. எதற்கும் ஏதாவது சொல்லும் காதர் அண்ணன் அன்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சவரி அண்ணன் வாத்தியத்தை என்னிடம் நீட்டினார்.

"கீழ் ஒதட்டத்தான் மடிக்கிறீங்கள்ல. மேல் ஒதட்டையும் மடிச்சுக்குங்களேன்" என்றார் அக்கா, கொடியில் துணி போட்டுக்கொண்டே.

மடித்தார். மெல்லிய ஒரு நூல் வந்தது. அறுந்தது. மறுபடி வந்தது, இந்தத் தடவை நின்றது. நிறுத்தி, கொஞ்சம் பெரிதாக்கி, மறுபடி மெலிந்தார். அதே சுரம். திரும்பவும் அதே சுரம். பல்லின் கடினம் இல்லாததால் முன்னைவிட மிருதுவாக இருந்தது. இன்றைக்கும் எங்கள் பேண்டில் குட்டி அவரிடம்தான் இருக்கிறது. நான் கல்யாணமில்லாத மாதங்களில் அதை வாங்கிப் பழகுவதும், எனக்கென்று ஒன்றுக்குச் சம்பளத்தில் சேர்ப்பதுமாக இருக்கிறேன்.

அன்று அவர் ஊதி முடித்து, வாத்தியத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிச் சீவாளியைப் பார்த்தார்.

"இது ஏது தம்பி?"

உங்களுடையதுதான் அண்ணே, பெட்டியின் அடித்துணிக்குள் இருந்ததாம் என்றேன்.

"நான் ஒண்ணும் வெச்சிட்டுப் போகலியே. கடைசியா ஒண்ணு இருந்திச்சு. அத மடியில முடிஞ்சி சயாமுக்குக் கொண்டு போயிட்டேன்."

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவர் காதில் இன்னும் ஈர்க்குதான் இருந்தது. சண்டை முடிந்து மற்ற பெண்கள் புதைத்ததைத் தோண்டி எடுத்துப் போட்டுக்கொண்டு மாதங்கள் ஆகியிருந்தன.

"புடுக்காரன்கிட்ட வாங்கினேன். அவன்கிட்ட இருந்ததே ரெண்டுதான். மூங்கில வெச்சு எத்தன நாளு அழும் இந்தப் புள்ள?" என்றார். "சும்மா விடல. கூட ஒரு பால் டின் அரிசி கேட்டு வாங்கினேன்."

நான்தான் கேட்டேன். தோடு எவ்வளவு என்று கேட்டேன்.

அரைப் பவுன். அதில் கால் பவுனைத்தான் நான் சிரித்துக்கொண்டே வேலிக்கு அப்பால் எறிந்திருக்கிறேன்.